பழுது நாடும் கலை

முற்றிலும் கெட்டுப்போன பொருளைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. எரியாத விளக்கு, சுழலாத விசிறி, பேசாத வானொலி ஆகியவை தம் நோயைத் தாமே சொல்லிவிடுகின்றன. பழுது பார்ப்பவர் கை வைத்த இடத்தில் பழுது இருக்கும். இல்லையேல் அடுத்த இடத்தில் இருக்கும். அது எங்கும் ஓடி ஒளிவதில்லை. ஆனால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் நின்று, மறுகணம் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நிகழாதது போல் மீண்டும் ஓடத் தொடங்கும் பொருள் இருக்கிறதே, அதுதான் மனிதனின் பொறுமையை அளந்து பார்ப்பது. மருத்துவர் வரும்போதெல்லாம் காய்ச்சல் விட்டுப்போகும் நோயாளியைப் போன்றது அது. அத்தகைய பொருளொன்றுடன் 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஏறத்தாழ இரண்டு மாதம் எங்கள் வீடு வாழ்ந்தது. அதிலிருந்து கற்றவற்றையே இங்கு எழுத முற்படுகிறேன். பொருள் கணிப்பொறி என்பதால் இது பொறியியலார்க்கு மட்டுமே உரியது என்று கருதி அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பழுது நாடும் கலை எல்லார்க்கும் பொது.

கிழக்கேகோட்டையில் வாழ்பவர்க்குப் பொறிகள் புதியன அல்ல. பத்மதீர்த்தக் குளத்தை நோக்கி நிற்கும் கருவேலப்புர மாளிகையில் மேத்தன் மணி என்னும் கடிகாரம் இருக்கிறது. தாடி வைத்த முகம் ஒன்று மணிதோறும் வாய் திறக்க, இருபுறமும் நிற்கும் ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னங்களில் வந்து முட்டுமாறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த பொறி அது. திவான் ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டில் உண்டாக்கிய சாலைக் கடைத்தெரு அருகிலேயே தொடங்குகிறது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்து தலைமுறைகளாக அங்கே வணிகம் செய்யும் நம்மவர் பலர். இதே திருவனந்தபுரத்தில்தான் 1973இல் கெல்ட்ரான் நிறுவனம் தோன்றியது. 1990இல் டெக்னோபார்க் எழுந்தது. ஆக, நாழிகையை எண்ணும் பொறி முதல் கோடிக் கணக்குகளை நொடியில் போடும் பொறி வரை ஒரே ஊரில் காணும் பேறு நமக்கு உண்டு.

இனி, வீட்டில் கட்டிய கணிப்பொறி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கடையில் முழுதாக விற்கும் பெட்டியை வாங்காமல், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி நாமே பூட்டிக்கொள்வது அது. செங்கல், மணல், மரம் என்று தேடி வாங்கிக் கட்டும் வீட்டைப் போன்றது. கணக்குப் போடும் செயலகம், அது அமரும் தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர்கள் சொல்லும் மின்வழங்கி, எல்லாவற்றையும் அடக்கும் இரும்புப் பெட்டி என ஆறு உறுப்புகள் முதன்மையானவை. புள்ளியியலில் முதுகலை படித்துவந்த என் மகள், சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் இவற்றை ஓராண்டுக் காலம் ஒவ்வொன்றாக வாங்கினாள். ஒரு விடுமுறை நாளில் கூடத்துத் தரையில் வேட்டியொன்றை விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பிவைத்துப் பூட்டி முடித்தாள். மாலையில் திரை ஒளிர்ந்தபோது வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அந்தப் பொறியை நம்பித்தான் அவள் தன் ஆய்வேட்டைத் தொடங்கினாள். மாவட்டந்தோறும் பல்லாண்டுகளாகப் பதிவான மழையளவுகளை வைத்துச் செய்யும் கணக்கு. ஒரு முறை தொடங்கினால் மணிக்கணக்கில் ஓட வேண்டியது. மே மாத இறுதிக்குள் ஏடு ஒப்படைக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் பொறி நிற்கத் தொடங்கியது. எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை, திரை கறுத்துவிடும். சில நாள் ஒரு முறை, சில நாள் ஐந்து முறை. நின்ற இடத்திலிருந்து கணக்கைத் தொடர முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பழுது வந்த வீட்டுக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. நச்சுநிரல் புகுந்துவிட்டது என்றார் ஒருவர். நினைவகம் போலி என்றார் இன்னொருவர். இடி இறங்கியிருக்கும் என்று ஒரு முதியவர் வானத்தைக் காட்டினார். கண்ணேறு பட்டது என்று என் மாமியார் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். கடைக்காரர் ஒருவர் பெட்டியைத் திறக்காமலே, "தாய்ப்பலகை போயிற்று சார், மாற்றிவிடுங்கள்" என்றார். இவற்றுள் என்னைச் சுட்டது வேறொரு சொல். உறவினர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பெண்பிள்ளை பூட்டிய பெட்டி வேறெப்படி இருக்கும்? கொடுத்துவிட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள்" என்று அவள் காதுபடவே சொன்னார். அவள் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெட்டியைத் தொடும்போது அவள் கையில் ஒரு தயக்கம் வந்தது. பொறி நிற்பதைவிட அந்தத் தயக்கம் பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றியது. தான் செய்த பொருளைத் தன்னால் அறிந்துகொள்ள முடியும் என்னும் நம்பிக்கை ஒருமுறை போய்விட்டால், அதைக் கடையில் வாங்க முடியாது.

இவ்விடத்தில் கணிப்பொறி வரலாற்றில் ஒரு செய்தியை நினைவுகூர்தல் தகும். கணிப்பொறியில் நேரும் பிழையை ஆங்கிலத்தில் 'பக்' என்பார்கள். பூச்சி என்று பொருள். பொறிகளின் குறையைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே உண்டு. ஆயினும் 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 2 என்னும் கணிப்பொறிக்குள், மின் தொடுப்பான் ஒன்றின் இடையில் உண்மையாகவே விட்டிற்பூச்சி ஒன்று அகப்பட்டுக் கிடந்தது. அதை எடுத்தவர்கள் தூக்கி எறிந்துவிடவில்லை. தம் நாட்பதிவேட்டில் அந்த நேரத்துக்கு எதிரே ஒட்டிவைத்து, கீழே குறிப்பும் எழுதினார்கள். அந்த ஏடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் காப்பில் இருக்கிறது. இக்கதையைச் சொல்வோர் எல்லாரும் பூச்சியையே வியக்கிறார்கள். நான் வியப்பது பதிவேட்டை. எத்தனை மணிக்கு என்ன நேர்ந்தது, யார் என்ன செய்தார் என்று எழுதும் வழக்கம் அங்கே இருந்ததால்தான் பூச்சிக்கும் வரலாற்றில் இடம் கிடைத்தது.

பதிவேடு என்றால் எனக்கு மனம் நெகிழும். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தராக இருப்பவன் நான். கணிப்பொறியின் உள்ளுறுப்புகளைப் பற்றி என் மகளுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் கோப்பு வைக்கத் தெரியும். எந்தத் தாளும் நாளும் எண்ணும் இல்லாமல் நகரக்கூடாது. வாய்ச்சொல் எதுவும் குறிப்பாகாது. ஒரு குறிப்பில் ஒரு பொருளே பேச வேண்டும். இம்மூன்றும் எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எனவே நாற்பது பக்கத்துக் குறிப்பேடு ஒன்றை வாங்கிவந்து, ஐந்து பத்திகளாகக் கோடு போட்டேன். நாள், நேரம், அப்போது பொறி செய்துகொண்டிருந்த வேலை, சுற்றுப்புறத்தில் கண்டது, நாம் செய்த மாற்றம். "இனி இதில் எழுதாமல் பெட்டியில் ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது, அம்மா" என்றேன். "பொறி நிற்பது எனக்குத் தெரியாதா அப்பா, எழுதி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டாள். ஆயினும் எழுதினாள்.

பழுதைத் தேடுமுன் பொறி நிற்பது எப்படி என்று அறிய வேண்டும். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். மின்வழங்கி அதை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரங்களாக மாற்றித் தாய்ப்பலகைக்குக் கொடுக்கிறது. எல்லாம் சரியான அளவில் இருக்கின்றன என்பதற்கு அடையாளமாக ஒரு குறிப்பையும் அது இடைவிடாமல் அனுப்புகிறது. அந்தக் குறிப்பு அற்றுப்போனால் தாய்ப்பலகை உடனே வேலையை நிறுத்திவிடும். குறைந்த மின்சாரத்தில் தவறான கணக்குப் போடுவதைவிட நின்றுவிடுவது மேல் என்பது அதன் நெறி. செயலகத்திலும் இத்தகைய காவல் உண்டு. வெப்பம் நூறு டிகிரி செல்சியசை ஒட்டினால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே ஏறினால், வெந்துபோகாமல் இருக்க மின்சாரத்தையே துண்டிக்கச் செய்யும். ஆகவே நாம் நோய் என்று கருதும் அந்த நிற்றல், பல வேளைகளில் பொறி தன்னைக் காத்துக்கொள்ளும் செயலே. எதிலிருந்து காத்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஒரு வரிசை வகுத்திருப்பதை நாம் அறிவோம். நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தீர்க்கும் வழியைத் தேர்ந்து, அதன் பின்னரே மருந்தில் கை வைக்க வேண்டும். கடைக்காரர் கடைசிப் படியிலிருந்து தொடங்கினார். நாங்கள் முதற்படியில் நின்றோம். விண்டோஸ் மென்பொருள் தனக்கென ஒரு நிகழ்வுக் குறிப்பேடு வைத்திருக்கிறது. அதைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு முறை நின்றதற்கும் எதிரே 41 என்னும் எண் இருந்தது. முறைப்படி மூடப்படாமல் பொறி நின்று, மீண்டும் தொடங்கியது என்பதே அதன் பொருள். இறந்தவர் இறந்துவிட்டார் என்று சான்றிதழ் தருவது போல அது. காரணம் சொல்லவில்லையே தவிர, மென்பொருள் தானாக நிறுத்தவில்லை என்பதையாவது அது உணர்த்தியது.

அதன் பின் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்னும் விதியை மேற்கொண்டோம். நினைவகத்தைச் சோதிக்கும் நிரலை இரவு முழுதும் ஓடவிட்டாள். ஒரு பிழையும் இல்லை. தாய்ப்பலகையின் மின்தேக்கிகளைப் பார்த்தோம். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உலகெங்கும் தரம் குறைந்த மின்தேக்கிகளால் எண்ணற்ற தாய்ப்பலகைகள் கெட்டன. கெட்டவற்றின் தலை உப்பி நிற்கும். இங்கே எல்லாத் தலைகளும் தட்டையாகவே இருந்தன. தோழி ஒருத்தியின் மின்வழங்கியை இரண்டு நாள் இரவல் வாங்கிப் பூட்டினாள். பொறி அப்போதும் நின்றது. எனவே மின்வழங்கியும் குற்றமற்றது என்று எழுதினோம். ஒவ்வொரு வரியும் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒரு நிரபராதியை விடுவித்தது. தேடும் இடம் சுருங்குவதும் முன்னேற்றமே.

பத்து நாட்களில் குறிப்பேட்டில் இருபதுக்கு மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. அவை இப்படி இருந்தன: 'ஏப்ரல் 11, பகல் 11.40. கணக்கு தொடங்கி 25 நிமிடம். முதலில் வேகம் குறைந்தது, பிறகு நின்றது.' 'ஏப்ரல் 11, இரவு 7.50. தட்டச்சு மட்டும். திடீரென்று நின்றது. கூடத்து விசிறி மெதுவாகச் சுற்றியது.' 'ஏப்ரல் 13, பகல் 2.15. கணக்கு தொடங்கி 20 நிமிடம். வேகம் குறைந்தது, நின்றது.' 'ஏப்ரல் 13, இரவு 8.30. ஒரு வேலையும் இல்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது.' ஒரு நாள் காலை அலுவலகம் புறப்படும் வேளையில் அவள் குறிப்பேட்டை என் முன் நீட்டினாள். பகற்பதிவுகளுக்கு நீலத்திலும் இரவுப் பதிவுகளுக்குச் சிவப்பிலும் கோடிட்டிருந்தாள். "அப்பா, இது ஒரு நோய் இல்லை, இரண்டு நோய்" என்றாள்.

அவள் சொன்னது முழு உண்மை. பகலில் நின்றபோதெல்லாம் கடுமையான கணக்கு ஓடியது. நிற்குமுன் வேகம் தளர்ந்தது. இரவில் நின்றபோது வேலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, தளர்ச்சியும் இல்லை. அறிகுறி ஒன்றாக இருந்ததால் காரணமும் ஒன்றே என்று எல்லாரும் எண்ணினோம். அந்த எண்ணம் இருந்தவரையில் எந்தச் சோதனையும் பொருந்தாது. பகல் நோய்க்கு மருந்திட்டால் இரவு நோய் அதைப் பொய்யாக்கும். இரவு நோயை நாடினால் பகல் நோய் திசைமாற்றும். குடும்பச் சண்டைகளிலும் இதனைக் காண்கிறோம். இரண்டு வெவ்வேறு மனத்தாங்கல்கள் ஒரே கோபமாக வெளிப்படும்போது, எந்தச் சமாதானமும் பலிப்பதில்லை.

பகல் நோய் விரைவில் அகப்பட்டது. வெப்பம் காட்டும் நிரலை வைத்துப் பார்த்தபோது, கணக்குத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே செயலகம் நூறு டிகிரியை நெருங்குவது தெரிந்தது. பெட்டியைத் திறந்தாள். செயலகத்தின் மேல் அமரும் குளிர்விப்பானை நான்கு மூலைகளிலும் நான்கு ஊசிகள் தாய்ப்பலகையோடு பிடித்திருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று மேலெழும்பி நின்றது. ஜனவரியில் கரமனையிலிருந்து கிழக்கேகோட்டைக்கு வீடு மாறியபோது, பொறியும் ஆட்டோவில் குலுங்கி வந்தது. அந்தக் குலுக்கலில் இளகியிருக்க வேண்டும். தலைமுடி அளவே இடைவெளி; ஆயினும் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே காற்று புகுந்துவிட்டால் வெப்பம் கடக்காது. பழைய பசையைத் துடைத்து, வெப்பம் கடத்தும் புதுப்பசையைப் பட்டாணி அளவு வைத்து, நான்கு ஊசிகளையும் 'டக்' என்னும் ஓசை கேட்கும்வரை அழுத்தினாள். அன்றிலிருந்து பகலில் எழுபது டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறவில்லை. பொறி பகலில் நிற்கவும் இல்லை.

இரவு நோய் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு பாதி தீர்ந்த பின் மறுபாதி தீராமல் நிற்பது, ஒன்றும் தீராமல் இருப்பதைவிடத் துயரம் தருவது. ஏட்டுக்கு நாள் நெருங்கியது. பகல் முழுதும் ஓடிய கணக்கு இரவு எட்டு மணிக்கு அறுபட்டுவிடும். ஒரு நாள் அவள் பெட்டியை மூடி மேலே துணியைப் போட்டுவிட்டு, கையால் கணக்கிடக்கூடிய அளவுக்கு ஆய்வைக் குறுக்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். உறவினர் சொல் அவளுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது என்பதை அப்போது நன்கு உணர்ந்தேன்.

அன்றிரவு அவளிடம் இந்நகரத்தின் கதையொன்றைச் சொன்னேன். தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான எஸ்.எல்.வி. 3 ஏவூர்தி 1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்தது. திட்டத் தலைவர் இராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம். முதற்கட்டம் செம்மையாக இயங்கியது. இரண்டாம் கட்டத்தில் ஊர்தி தடுமாறி, கிளம்பிய 317 நொடிகளில் வங்கக்கடலில் வீழ்ந்தது. பல ஆண்டு உழைப்பு ஐந்து நிமிடத்தில் கடலுக்குள் போயிற்று. ஆனால் விழும்வரை அது அனுப்பிய பதிவுகள் கரையில் இருந்தன. அவற்றை வரி வரியாக ஆராய்ந்தபோது, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அடைப்பிதழ் ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டதும், அதன் வழியே நைட்ரிக் அமிலம் கசிந்து போனதும் புலப்பட்டன. ஊர்தி முழுவதையும் அவர்கள் குறை கூறவில்லை. ஓர் அடைப்பிதழைக் கண்டார்கள். ஓராண்டு நிறையுமுன், 1980 ஜூலை 18 அன்று, அதே வகை ஊர்தி 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. "அவர்கள் கடலில் போட்டதையே திரும்பச் செய்தார்கள். நம் பெட்டி மேசைமேல்தானே இருக்கிறது?" என்றேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் துணியை எடுத்தாள்.

மறுநாள் மீண்டும் சிவப்புக் கோடிட்ட பதிவுகளை மட்டும் படித்தோம். எல்லாம் மாலை ஆறே முக்காலுக்கும் இரவு பத்துக்கும் இடைப்பட்டவை. 'விசிறி மெதுவாகச் சுற்றியது', 'குழல்விளக்கு சிமிட்டியது' என்று நான்காம் பத்தியில் திரும்பத் திரும்ப வந்தது. 2024 ஏப்ரலிலும் மே மாதத்தொடக்கத்திலும் கேரளத்தில் அடித்த வெப்பத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாலையானதும் வீடுதோறும் குளிர்பதனப் பெட்டிகள் ஓடின. மாநிலத்தின் மின்தேவை அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. மின்னழுத்தம் மாலையில் தாழ்வது இயல்பே. ஆனால், அதைத் தாங்கத்தானே பொறிக்கும் சுவருக்கும் இடையில் யு.பி.எஸ். என்னும் தடையில்லா மின்கருவியை வைத்திருந்தோம்? அதன் பச்சை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அதை யாரும் ஐயுறவில்லை; ஐயுற வேண்டும் என்றும் தோன்றவில்லை. வீட்டுக் காவல்காரனைத் திருடன் பட்டியலில் யார் சேர்ப்பார்?

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். சாலைக் கடைத்தெருவில் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளை நெடுங்காலம் பழுது பார்த்தவர். என் மகள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாப் பக்கங்களையும் படித்தார். "இதை எழுதியது யார் மோளே?" என்று கேட்டார். "நான்தான் தாத்தா" என்றாள். "அப்படியானால் பாதி வேலை முடிந்தது" என்று சொல்லி, பழைய அறுபது வாட் குண்டு விளக்கு ஒன்றைக் கம்பியோடு கொடுத்தார். கணிப்பொறியைக் கழற்றிவிட்டு, இந்த விளக்கை யு.பி.எஸ்ஸில் மாட்டு, எரியும்போது சுவர் இணைப்பைப் பிடுங்கு, எவ்வளவு நேரம் எரிகிறது என்று எழுது என்பதே அவர் சொன்ன சோதனை.

விளக்கை மாட்டினோம், எரிந்தது. சுவர் இணைப்பைப் பிடுங்கினோம். ஒரு நொடிகூட எரியவில்லை, உடனே அணைந்தது. மீண்டும் இணைத்தோம், யு.பி.எஸ்ஸின் பச்சை விளக்கு ஒன்றும் அறியாதது போல் ஒளிர்ந்தது. உள்ளே இருந்தது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி அளவுள்ள ஈய அமில மின்கலம். மாலையில் மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் கருவி தன் கடமைப்படி சுவர் மின்சாரத்தை விட்டு மின்கலத்துக்குத் தாவும். மின்கலத்தில் உயிர் இல்லை. எனவே பொறிக்குப் போகும் மின்சாரமே அறுந்துவிடும். சுவர் மின்சாரம் சற்றே தாழ்ந்ததைக் கணிப்பொறியின் மின்வழங்கி தானே தாங்கியிருக்கும். இரண்டு மாலை யு.பி.எஸ். இல்லாமல் நேரே சுவரில் மாட்டிப் பார்த்தோம்; விசிறி தளர்ந்தது, விளக்கு சிமிட்டியது, பொறி மட்டும் நிற்கவில்லை. மின்தடையிலிருந்து காக்க வைத்த கருவியே மின்தடையாக இருந்தது என்க.

பெரியவர் சொன்ன இன்னொன்றும் நினைக்கத்தக்கது. அந்த மின்கலத்தை அளவுமானியால் தனியே அளந்தபோது பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எண்ணைப் பார்த்தால் நல்ல உடல்நலம். விளக்கின் சுமையை ஏற்றியதும் அந்த எண் மளமளவென்று சரிந்தது. சுமை இல்லாதபோது எல்லாரும் பலசாலிகளே. தாங்க வேண்டிய கணத்தில்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது. இத்தகைய மின்கலங்களின் வாழ்நாளை இருபத்தைந்து டிகிரி வெப்பத்தில் வைத்தே கணக்கிடுகிறார்கள். ஏறத்தாழ ஒவ்வொரு பத்து டிகிரி மிகுதிக்கும் அது பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. நம் ஊரின் கோடையில், மேசைக்கடியில், காற்றில்லாத மூலையில் கிடக்கும் மின்கலம் மூன்றாண்டு உழைத்தால் அதுவே பெரிது. எங்களுடையது நான்காண்டு கண்டது. ஆயிரம் ரூபாய் அளவில் புது மின்கலம் ஒன்று வாங்கி மாட்டினோம். தாய்ப்பலகையை மாற்றியிருந்தால் அதைப் போலப் பல மடங்கு செலவாகியிருக்கும். பொறியும் நின்றுகொண்டே இருந்திருக்கும்.

தானே கட்டிய பொறி தவறும்போது உலகம் கட்டியவரைத்தான் முதலில் பார்க்கிறது. இது என் மகளுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பென்சில்வேனியாவில் 1946இல் அறிமுகமான எனியாக் கணிப்பொறியில் ஏறக்குறைய பதினெட்டாயிரம் வெற்றிடக் குழல்கள் இருந்தன. இரண்டு நாளுக்கொரு குழலாவது கெடும். எது கெட்டது என்று தேடுவதே பொறியாளர்க்கு அன்றாட வேலை. நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய டிஃப்ராக் கணிப்பொறி 1960இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இயங்கத் தொடங்கியது. அதில் 2700 வெற்றிடக் குழல்கள். அதைக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். வெளிநாட்டிலிருந்து முழுதாக வாங்குவது எளிதாயிற்றே என்று அன்றும் கேட்டிருக்கலாம். ஆனால் வாங்கியவர்க்குப் பொறி மட்டும் கிடைக்கும். கட்டியவர்க்கு அதன் உள்ளும் தெரியும். கெட்டால் எங்கே பார்ப்பது என்னும் அறிவுதான் கட்டியவர் பெறும் உண்மையான ஊதியம்.

என் மகளின் ஏடு உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது. ஆய்வைக் குறுக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. பெட்டியைக் கொடுத்துவிடச் சொன்ன உறவினர் வீட்டில் சென்ற ஆண்டு கணிப்பொறி நின்றுவிட்டபோது, அவரே அவளை அழைத்தார். அவள் போனாள், போகும் வழியில் கடையில் நின்று, நாற்பது பக்கத்துக் குறிப்பேடு ஒன்று வாங்கிக்கொண்டாள். திறந்து பார்க்குமுன் அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டாளாம்: எந்த நேரத்தில் நிற்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வீட்டில் வேறு என்ன நடந்தது.

இம்மூன்று கேள்விகளும் கணிப்பொறிக்கு மட்டும் உரியன என்று நான் கருதவில்லை. குழந்தை இரவில் அழுதாலும், அலுவலகத்தில் கோப்பு ஒன்று ஒரே மேசையில் தங்கி நின்றாலும், நண்பர் ஒருவர் காரணமின்றி முகம் திருப்பினாலும், நாம் முதலில் செய்வது யாரையாவது குற்றம் சொல்வது. அல்லது பெரும்பொருள் ஒன்றை மாற்றிவிடத் துடிப்பது. பழுது பெரும்பாலும் பெரும்பொருளில் இருப்பதில்லை. மேலெழும்பிய ஓர் ஊசியிலோ, பச்சை விளக்குக்குப் பின்னால் உயிரிழந்து கிடக்கும் ஒரு மின்கலத்திலோ இருக்கிறது. அதுவும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நின்ற நேரத்தையும் நிகழ்ந்த சூழலையும் பொறுமையோடு எழுதிவைப்பவர்க்கு அது ஒரு நாள் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எழுதாதவர்க்கு, ஒவ்வொரு முறை நிற்பதும் முதல்முறை நிற்பதாகவே இருக்கும்.